எச்டி பெட்டிகளில் எஸ்டி படத்தின் தரம்: ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றில் செய்த ஒப்பீடு

ஸ்ரீரங்கத்தில் உள்ள என் பெரியப்பா வீட்டில், நெடுங்காலம் உழைத்த 21 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிக்குப் பதிலாக 43 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கப்பட்டபோது, டிடிஎச் நிறுவனத்தின் பழைய எஸ்டி (சாதாரணத் தெளிவு) செட்-டாப் பாக்ஸும் எச்டி (உயர் தெளிவு) பாக்ஸாக மாற்றப்பட்டது. சந்தா மாறவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் பார்ப்பவை பழைய திரைப்படங்கள் ஓடும் சேனல்கள், மாலைத் தொடர்கள், செய்திகள் ஆகியவையே. சன் டிவியும் கேடிவியும் 2011ஆம் ஆண்டின் இறுதியிலேயே எச்டி வடிவம் தொடங்கிவிட்டன என்றாலும், எச்டி சேனல்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே இந்த வீட்டுக்கு வரும் சேனல்களில் பெரும்பாலானவை இன்றும் எஸ்டிதான். புதிய பெட்டி பொருத்திய நாளிலிருந்தே படம் கெட்டுவிட்டது என்பது இருவரின் ஒருமித்த புகார். முகங்களில் நுண்விவரம் அழிந்திருந்தது. செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளின் ஓரங்கள் சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரிந்தன. தோலின் நிறம் செம்மஞ்சளின் பக்கம் சாய்ந்திருந்தது.

புகாரைக் கேட்டு வந்த பணியாளர் மாடிக்கு ஏறி டிஷ்ஷின் திசையைச் சரிசெய்தார், கம்பியின் முனை இணைப்பை மாற்றினார், சிக்னல் அளவுகோல் உயர்ந்ததைக் காட்டிவிட்டுச் சென்றார். படத்தில் எந்த மாற்றமும் இல்லை, இருக்கவும் முடியாது. டிஜிட்டல் ஒளிபரப்பில் சிக்னல் ஓர் எல்லைக்கு மேல் இருக்கும்வரை, பிழைதிருத்தம் எல்லா பிட்டுகளையும் அப்படியே மீட்டுத் தந்துவிடுகிறது. எல்லைக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைகிறது. பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையப் புள்ளிகள் கூடிவந்த அந்த இடைநிலை இங்கே கிடையாது. மங்கலான படத்துக்கு டிஷ்ஷைத் திருப்புவது, நோய் ஓரிடமும் மருந்து வேறோரிடமுமான வைத்தியம். இந்தத் தவறான நம்பிக்கை பல வீடுகளில் பணத்தையும் பொழுதையும் வீணாக்குவதால், இந்த ஒரு வீட்டில் கண்டதை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

திரையின் அளவு செய்த வேலை

பெட்டியைக் குறைசொல்லும் முன், திரை மாறியதால் மட்டும் என்ன நடந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நம் நாட்டின் எஸ்டி படத்துக்கு 720 பத்திகளும் 576 வரிகளும் உண்டு. மொத்தம் 4,14,720 பிக்சல்கள். முழு எச்டி படத்தில் இதைப்போல் மிகச் சரியாக ஐந்து மடங்கும், 4கே திரையில் மிகச் சரியாக இருபது மடங்கும் பிக்சல்கள் உள்ளன. அதாவது, புதிய திரையில் தெரியும் இருபது பிக்சல்களில் ஒன்றுக்குத்தான் ஒளிபரப்பில் தகவல் இருக்கிறது. மீதிப் பத்தொன்பதை ஏதோ ஒரு மின்சுற்று ஊகித்து நிரப்புகிறது.

உயரக் கணக்கு இன்னும் தெளிவானது. 21 அங்குல, நான்குக்கு மூன்று விகிதத் திரையின் உயரம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். அதில் 576 வரிகள் அடங்கும்போது ஒரு வரியின் தடிமன் ஏறத்தாழ 0.55 மில்லிமீட்டர். 43 அங்குல அகலத்திரையின் உயரம் ஏறத்தாழ 53.5 சென்டிமீட்டர், ஒரு வரி 0.93 மில்லிமீட்டர். பெரியப்பாவின் நாற்காலி திரையிலிருந்து ஏழு அடி தள்ளி இருக்கிறது. இயல்பான பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று கொண்டால், ஏழு அடித் தொலைவில் அது 0.62 மில்லிமீட்டர் ஆகும். பழைய திரையின் வரி அந்த எல்லைக்கு உட்பட்டிருந்தது. புதிய திரையின் வரி எல்லையைத் தாண்டிவிட்டது. முன்பும் இருந்த குறைகள் இப்போதுதான் கண்ணுக்கு எட்டுகின்றன. எனவே புகாரின் ஒரு பகுதிக்குப் பெட்டி பொறுப்பே அல்ல.

தொலைக்காட்சியும் கடையில் வைத்திருந்த அதே அமைப்பில்தான் இருந்தது. ‘விவிட்’ என்னும் படவகை, கூர்மை உச்சத்தில், இரைச்சல் நீக்கம் உச்சத்தில், இயக்கத்தை வழுக்கலாக்கும் வசதியும் இயங்கிக்கொண்டிருந்தது. எஸ்டி படத்தில் கூர்மையைக் கூட்டினால் விவரம் கூடாது. சுருக்கத்தால் வந்த கட்டங்களின் ஓரங்கள்தாம் கூராகின்றன. ‘சினிமா’ வகைக்கு மாற்றி, கூர்மையைக் குறைத்து, வழுக்கலை நிறுத்தியதும் எல்லாப் பெட்டிகளின் படமும் ஒருசேர மேம்பட்டது. அதன் பிறகும் எஞ்சிய வேறுபாடுகளே இந்த ஆய்வின் பொருள்.

ஒப்பிட்ட முறை

இருவேறு டிடிஎச் நிறுவனங்களின் பெட்டிகளை அருகருகே வைத்து, இது நல்ல பெட்டி, அது மோசமான பெட்டி என்று சொல்வது பொதுவாக நடக்கும் ஒப்பீடு. அது செல்லாது. ஒவ்வொரு நிறுவனமும் சேனலை வாங்கித் தன் நிலையத்தில் மீண்டும் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும் முறையும் ஒதுக்கும் பிட் வீதமும் (நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவும்) நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சன் டைரக்ட் தொடக்கத்திலிருந்தே எம்பெக்-4 முறையைக் கைக்கொண்டது. அதற்கு முன்பே வந்த டிஷ் டிவியும் டாடா ஸ்கையும் எம்பெக்-2 முறையில் தொடங்கின. இப்படிப்பட்ட இரண்டு படங்களை ஒப்பிடும்போது நாம் ஒப்பிடுவது நிலையங்களையா, பெட்டிகளையா என்பதே தெரியாது.

பெட்டிகளை மட்டும் ஒப்பிட வேண்டுமானால், ஒரே பிட் ஓடையை எல்லாப் பெட்டிகளுக்கும் ஊட்ட வேண்டும். அதற்குத் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் கைகொடுத்தது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவை, இப்போது கிழக்கு 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. இதன் எம்பெக்-2 சேனல்களில் பூட்டு இல்லாததால் எந்தச் சாதாரண ரிசீவரும் அவற்றைப் பெறலாம். அதைவிடப் பயனுள்ளது, ஒளிபரப்பை மீண்டும் சுருக்காமல் வந்தபடியே பென் டிரைவில் பதிவுசெய்ய முடிவது. ஒரு ரிசீவரில் பதிந்த கோப்பை இன்னொன்றில் இயக்கினால், இரண்டுக்கும் ஒரே பிட்டுகள், ஒரே நொடிகள்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் வகையைச் சேர்ந்த சிறிய எச்டி ரிசீவர் ஒன்றையும், நண்பரிடமிருந்து பெற்ற, லினக்ஸில் இயங்கும் பழைய பெரிய ரிசீவர் ஒன்றையும் இவ்வாறு ஒப்பிட்டேன். முன்னதைச் சிறிய பெட்டி என்றும் பின்னதைப் பெரிய பெட்டி என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டையும் ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்சரின் வழியாகத் தொலைக்காட்சியின் ஒரே உள்ளீட்டில் இணைத்தேன். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பல தொலைக்காட்சிகள் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனிப் பட அமைப்பை நினைவில் வைத்திருக்கின்றன. ஒரு பெட்டி முதல் உள்ளீட்டிலும் மற்றது இரண்டாம் உள்ளீட்டிலும் இருந்தால், ஒப்பிடப்படுவது தொலைக்காட்சியின் இரண்டு அமைப்புகளாகிவிடும். நிறுவனத்தின் எச்டி பெட்டியில் வெளிக்கோப்பை இயக்க வழியில்லாததால் அதைத் தனியாகவே ஆராய்ந்தேன்.

அரைப்படங்களை இணைப்பதில் வெளிப்பட்ட வேறுபாடு

பிட்டுகளிலிருந்து படத்தை மீட்டெடுக்கும் வேலையில் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். எம்பெக்-2 தரநிலை மிக நுண்ணிய கணக்கு வேறுபாட்டை மட்டுமே அனுமதிக்கிறது, எம்பெக்-4 வகையைச் சேர்ந்த எச்.264 அதையும் அனுமதிப்பதில்லை, எல்லாப் பெட்டிகளும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். மீட்டெடுத்த படத்தை அதன் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தரம் பிரிகிறது.

எஸ்டி ஒளிபரப்பு நொடிக்கு 25 முழுப்படங்களாக வருவதில்லை. 50 அரைப்படங்களாக வருகிறது. ஓர் அரைப்படத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள், ஒவ்வொன்றிலும் 288 வரிகள். படக்குழாய்த் தொலைக்காட்சி அவற்றை வந்த வரிசையிலேயே திரையில் வரைந்தது. இணைக்கும் வேலையைக் கண் செய்துகொண்டது. இன்றைய தட்டைத் திரை எல்லா வரிகளையும் ஒரே வேளையில் காட்டுவது. ஆகவே அரைப்படங்களை யாராவது இணைத்தே ஆகவேண்டும். அந்த வேலை பெட்டியில் நடக்கலாம், தொலைக்காட்சியில் நடக்கலாம், சில வேளைகளில் இரண்டிலும் அரைகுறையாக நடக்கலாம்.

எப்படி இணைப்பது என்பது படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்பட்டு, நம் ஒளிபரப்பில் சற்றே விரைவாக 25 சட்டங்களாக ஓட்டப்படுகிறது. ஒரு சட்டத்தின் இரண்டு அரைப்படங்களும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. அவற்றை அப்படியே பின்னினால் 576 வரிகளும் பழுதின்றித் திரும்பக் கிடைக்கும். ஸ்டூடியோ வீடியோ கேமராவில் எடுக்கப்பட்ட செய்தி அப்படியல்ல. முதல் அரைப்படத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே ஐம்பதில் ஒரு நொடி கடந்திருக்கும்; அதற்குள் அசைந்த பொருள் இடம் மாறியிருக்கும். அதைக் கண்மூடித்தனமாகப் பின்னினால், ஓடும் எழுத்துகளில் பெரியம்மா கண்ட அந்தப் பிளவுகள் தோன்றும். பின்னாமல் ஒவ்வோர் அரைப்படத்தையும் தனியே இருமடங்கு நீட்டினால் பிளவு போகும். ஆனால் செங்குத்து விவரத்தில் பாதி அழியும், அசையாத கோடுகளும் நடுங்கும். அசையும் இடத்தில் ஒரு முறையையும் அசையாத இடத்தில் மற்றொன்றையும் பிக்சல் பிக்சலாகத் தேர்ந்தெடுப்பதே செம்மையான வழி. அதற்குக் கணக்கிடும் திறன் வேண்டும்.

வெளியீட்டை 1080 இன்டர்லேஸ் (1080 வரிகளை அரைப்படங்களாக அனுப்பும் அமைப்பு) என்று வைத்தபோது இரண்டு பெட்டிகளும் வெகுவாக வேறுபட்டன. பெரிய பெட்டி பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தைத் திரைப்படம் என்றே அடையாளம் கண்டு பின்னியது. பட்டுப் புடவையின் கரைக்கட்டங்களும் மேசைமேல் இருந்த நாளிதழின் பத்திக்கோடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. சிறிய பெட்டி அதே கோப்பில் ஒவ்வோர் அரைப்படத்தையும் 288 வரிகளிலிருந்து 540 வரிகளுக்கு நீட்டி அனுப்புவதாகவே தெரிந்தது: கிடைக்கோடுகள் மென்மையாகக் கரைந்தன, படிக்கட்டு வரும் காட்சியில் படிகளின் விளிம்புகள் மேலும் கீழும் துடித்தன. அந்தத் திரைப்படத்தின் பாதி விவரம் ஜிசாட்-15இலிருந்து மாடி டிஷ்வரை பத்திரமாக வந்துசேர்ந்து, கடைசி மூன்றடியில் தொலைந்துபோகிறது. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பழைய படங்களில் பலவற்றுக்கு இந்த எஸ்டி ஒளிபரப்பைவிட மேலான பிரதி வீட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு எட்டுவதேயில்லை.

பிறகு சிறிய பெட்டியின் வெளியீட்டை 576 இன்டர்லேஸுக்கு மாற்றினேன். பெட்டி இப்போது எதையும் இணைப்பதில்லை, பெரிதாக்குவதில்லை. வந்த அரைப்படங்களை வந்தபடியே தொலைக்காட்சிக்குக் கடத்துகிறது. நாளிதழின் பத்திக்கோடுகள் திரும்பி வந்தன. இதே அமைப்பில் பெரிய பெட்டியையும் வைத்து, தொலைபேசியை நிலைதாங்கியில் பொருத்தி ஒரே ஒளியமைப்பில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, எது எந்தப் பெட்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. விலையில் பல மடங்கு வேறுபட்ட இரு பெட்டிகளுக்கும் எஸ்டி படத்தில் இருந்த இடைவெளி, ஒரே ஒரு மெனு அமைப்பில் மறைந்தது.

இந்த முடிவை எல்லாத் தொலைக்காட்சிகளுக்கும் விரித்துவிடக் கூடாது. இந்த வீட்டுத் தொலைக்காட்சியின் இணைப்புச் சுற்று நன்றாக இருந்ததால் வேலையை அதனிடம் ஒப்படைப்பது பலன் தந்தது. விலை குறைந்த 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றில் இதே கோப்பைப் பார்த்தபோது, பெரிய பெட்டியே இணைத்துப் பெரிதாக்கி அனுப்பிய படம் மேலாக இருந்தது. இரண்டில் திறமை கூடியது எது என்று கண்டு, வேலையை அதற்கு மட்டும் கொடுப்பதே நெறி.

கட்டங்களும் நிறமும்

எம்பெக்-2 படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. பிட் வீதம் போதாதபோது அந்தக் கட்டங்களின் எல்லைகள் வெளியே தெரியும். நொடிக்கு 2.75 கோடி குறியீடுகளும் முக்கால் பங்குப் பிழைதிருத்தமும் கொண்ட டிவிபி-எஸ் (செயற்கைக்கோள் டிஜிட்டல் ஒளிபரப்புத் தரநிலை) டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் ஒரு தொகுதிச் சேனல்களைச் சுமக்கும் கருவி) ஒன்றில் நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் கிடைக்கும். அதில் இருபது சேனல்களை அமர்த்தினால் சராசரியாக ஒன்றுக்கு 2 மெகாபிட்கூட இல்லை. டிவிடியில் படத்துக்கு மட்டும் 9.8 மெகாபிட்வரை இடம் உண்டு என்பதை நினைத்தால் நிலைமை புரியும். சில சேனல்கள் 720 பத்திகளையும் அனுப்பாமல் 544 பத்திகளோடு நிறுத்திக்கொள்கின்றன. ரிசீவரின் தகவல் திரையில் இதைக் காணலாம்.

தொலைக்காட்சிகளில் இந்தக் கட்ட எல்லைகளைத் தேடி மென்மையாக்கும் வசதி உண்டு. ஆனால் எளிமையான சுற்றுகள் எட்டுப் பிக்சலுக்கு ஒருமுறை வரும் எல்லையையே தேடுகின்றன. பெட்டி படத்தை 1080 வரிகளுக்குப் பெரிதாக்கி அனுப்பிவிட்டால் எட்டு வரிக் கட்டம் பதினைந்து வரிகளாகிவிடுகிறது. தொலைக்காட்சியால் அதை அடையாளம் காண முடிவதில்லை. இந்த வீட்டில் அந்த வசதி 576 வரி வெளியீட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் பயனைத் தந்தது. சுருக்கத்துக்குள்ளேயே கட்ட ஓரங்களை மென்மையாக்கும் வடிகட்டி எச்.264 முறையில் இருப்பதால், அந்த முறையில் ஒளிபரப்பைப் பெறும் நிறுவனத்தின் பெட்டியில் கட்டங்கள் குறைவு. பதிலுக்கு முகங்களில் நுண்விவரம் வழித்தெடுக்கப்பட்டிருக்கும். பெரியப்பாவின் முதல் புகார் அதுதான். அது நிலையத்தின் சிக்கனத்தால் வருவது; வீட்டில் மருந்து இல்லை.

நிறத்தின் சாய்வு வேறு காரணத்தால் வந்தது. ஒளிச்செறிவும் நிறமும் தனித்தனி எண்களாக வரும் ஒளிபரப்பை சிவப்பு, பச்சை, நீலமாக மாற்றுவதற்கு எஸ்டிக்கு பிடி.601, எச்டிக்கு பிடி.709 என இரண்டு சூத்திரங்கள் உள்ளன. 1080 வரிப் படம் வந்தால் தொலைக்காட்சி இரண்டாவதைக் கையாளும். பெட்டி எஸ்டி படத்தைப் பெரிதாக்கும்போது எண்களையும் புதிய சூத்திரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சிவப்பு செம்மஞ்சளின் பக்கம் நகரும், பச்சை இருளும், தோல்நிறம் மஞ்சளிக்கும். சிறிய பெட்டியில் 1080 இன்டர்லேஸ் வெளியீட்டில் குங்குமத்தின் நிறமும் வாழையிலையின் நிறமும் இப்படித்தான் பிசகின. 576 வரி வெளியீட்டில் பிசகு அறவே இல்லை. ஒரே கோப்பு, ஒரே பெட்டி, வெளியீடு மட்டும் மாறியது என்பதால் குறை பெட்டியுடையது என்பது உறுதியாகிறது.

நிறுவனத்தின் பெட்டியில் இந்தச் சோதனையை வேறு வகையில் செய்யலாம். எஸ்டி, எச்டி என இரு வடிவிலும் வரும் சேனல் ஒன்றைத் தேர்ந்து, ஒரே நிகழ்ச்சியின்போது இரண்டுக்கும் மாறிமாறிப் பார்த்தால் கூர்மை மாறுவது இயல்பு. நிறம் மாறினால் எங்கோ சூத்திரம் தவறியிருக்கிறது. ஆனால் அந்தத் தவறு பெட்டியுடையதா, ஒளிபரப்பாளருடையதா என்பதை இந்தச் சோதனை மட்டும் சொல்லிவிடாது. இங்கே 576 புரோகிரசிவுக்கு (576 வரிகளையும் முழுப்படமாக அனுப்பும் அமைப்புக்கு) மாற்றியதும் இரண்டின் நிறமும் நெருங்கி வந்ததால், பெட்டியைக் குற்றம்சாட்ட எனக்குத் தயக்கமில்லை.

பழைய எஸ்டி பெட்டியையும் மஞ்சள் பிளக் வழியே இதே தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தேன். நிறமும் ஒளிச்செறிவும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால் எழுத்துகளின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்ந்தன; ஆனால் அந்தக் கலப்பே படத்தை மென்மையாக்கிக் கட்டங்களை மூடியது, நிறமும் சரியாக இருந்தது. பழையதே நன்றாக இருந்தது என்று பெரியம்மா சொன்னது வெறும் பழக்கத்தால் அல்ல. எச்டிஎம்ஐ கம்பிகளைப் பற்றி ஒரு வரி போதும்: மலிவான கம்பிக்கும் விலை உயர்ந்த கம்பிக்கும் படத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

வீட்டில் செய்த ஏற்பாடு

நிறுவனத்தின் பெட்டியில் 576 புரோகிரசிவ், 720 புரோகிரசிவ், 1080 இன்டர்லேஸ் ஆகிய மூன்றே தேர்வுகள் உள்ளன. சேனல் எந்த வடிவில் வருகிறதோ அந்த வடிவிலேயே அனுப்பும் தேர்வு இல்லை. 576 புரோகிரசிவில் அரைப்படங்களைப் பெட்டிதான் இணைக்கிறது. ஓடும் எழுத்துகளில் பிளவு குறைந்தாலும் முற்றிலும் போகவில்லை. நிறம் சரியாயிற்று, கட்டம் நீக்கும் வசதியும் வேலை செய்தது. எச்டி சேனல்கள் 576 வரிகளுக்குச் சுருங்கிவிடும் என்பது இதன் விலை. இந்த வீட்டில் எச்டி சேனல் பார்ப்பது எப்போதாவது வரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு மட்டும் என்பதால் இதையே நிலையாக வைத்தோம். ஆட்ட நாளில் 1080 இன்டர்லேஸுக்கு மாற்றும் வழியைப் பெரியப்பா கற்றுக்கொண்டார்.

சிறிய பெட்டியையும் அங்கேயே விட்டுவந்தேன். பொதிகை என்ற பெயர் மாறி 2024 முதல் டிடி தமிழ் என வழங்கும் சேனல் அதில் வருகிறது. அது மூல வடிவிலேயே அனுப்பும்படி வைக்கப்பட்டிருக்கிறது. இதில் ஓர் அசௌகரியம் உண்டு. எஸ்டியிலிருந்து எச்டி சேனலுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சி எச்டிஎம்ஐ இணைப்பைப் புதிதாக ஏற்படுத்திக்கொள்வதால் ஓரிரு நொடிகள் திரை கறுத்துவிடுகிறது. சேனல்களை வேகமாகப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுள்ள பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெட்டி தயாரிப்பாளர்கள் நிலையான 1080 இன்டர்லேஸை இயல்பு அமைப்பாக வைப்பதற்கு இந்தக் கறுப்பு நொடிகளைப் பற்றிய புகார்களே முதன்மைக் காரணமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அந்த நியாயத்தை ஏற்கலாம். தேர்வையே மெனுவிலிருந்து நீக்கிவிடுவதை ஏற்க முடியாது. மூல வடிவில் அனுப்புவதற்குப் புதிய வன்பொருள் தேவையில்லை, அது பெட்டி செய்யும் வேலைகளைக் குறைப்பதுதான். மென்பொருள் புதுப்பிப்பில் அந்தத் தேர்வைச் சேர்க்குமாறும், நிறச் சூத்திரத்தைத் திருத்துமாறும், மேற்சொன்ன சோதனையின் விவரங்களோடு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம்.